பின்னாடி எரியுதா, பாருங்க!

உங்களிடம் ஒரு சின்னக் கேள்வி. உங்கள் வண்டியின் பின்பக்கச் சிவப்பு விளக்கு எரிவதைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

யோசிக்கிறீர்கள் இல்லையா? ஹெட்லைட் போனால் அடுத்த நிமிஷம் தெரிந்துவிடும். ஹார்ன் போனால் ஒரு தெருகூடத் தாண்ட முடியாது, நம்ம ஊரில்! ஏ.சி. போனால் வீட்டில் இருக்கிறவர்களே சொல்லிவிடுவார்கள். ஆனால், பின்னால் இருக்கிற விளக்கு? அது நமக்காக எரிவது இல்லையே சார். பின்னால் வருகிறவனுக்காக எரிகிறது. காசு நம்முடையது, பேட்டரி நம்முடையது, பல்பும் நம்முடையது. பயன் மட்டும் முகம் தெரியாத ஒருத்தனுக்கு. அதனால்தானோ என்னவோ, அது அணைந்தால் நமக்குத் தெரிவதே இல்லை.

இது எனக்கு உறைத்த கதையைச் சொல்கிறேன்.

என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், சாலிகிராமத்தில் கேரவன் வாடகைக்கு விடுகிறவர். கேரவன் தெரியும்தானே? ஷூட்டிங் நடக்கிற தெருவில், ஜன்னலை இழுத்து மூடிக்கொண்டு, ஜெனரேட்டர் உறும, ஒரு பெரிய பெட்டி மாதிரி நிற்குமே... அதுதான். உள்ளே கட்டில், சோபா, பாத்ரூம், ஆளுயர மேக்கப் கண்ணாடி எல்லாம் இருக்கும். பாலைவனத்தில் ஒட்டகங்கள் வரிசையாகப் போகும் கூட்டத்துக்குப் பாரசீகத்தில் வைத்த பெயர், ஊர் ஊராகச் சுற்றிக் கடைசியில் கோடம்பாக்கத்தில் வந்து ஏ.சி. போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது! அமெரிக்காவில் இதையே மோட்டார் ஹோம் என்கிறார்கள். அங்கே ரிட்டயர் ஆனவர்கள் இதில் ஏறி மாதக்கணக்கில் ஊர் சுற்றுவார்கள். 2021-ல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு திட்டம் அறிவித்தது. ஆக, நட்சத்திரங்கள் மட்டுமே ஏறிய வண்டியில் நம்மைப் போன்றவர்களும் ஏறும் காலம் வந்துவிட்டது.

மச்சானின் வண்டிக்கு வயது பதினெட்டு. மினி பஸ் சேஸிஸின் மேல் இரும்புக் குழாயில் கூடு கட்டி, அதன் மேல் ஃபைபர் தகடு போர்த்திய வண்டி. ஒரு ஜூலை மாதம். ஷூட்டிங் எதுவும் இல்லை. “மாப்ள, வண்டி சும்மாதான் நிக்குது. குற்றாலத்துல சீசன். எல்லாரும் கிளம்புங்க” என்றார். கிளம்பிவிட்டோம். இரண்டு குடும்பம், நாலு குழந்தைகள், ஒரு மாமியார், இரண்டு தூக்கு நிறைய புளிசாதம்.

விழுப்புரம் தாண்டும்போது நன்றாக இருட்டிவிட்டது. குழந்தைகள் பின்கட்டிலில் படுத்துக்கொண்டு அந்தாக்ஷரி பாடிக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒரு லாரி எங்களை முந்தியது. முந்தும்போதே அதன் க்ளீனர் பையன் பாதி உடம்பை வெளியே நீட்டி, ஐந்து விரலையும் குவித்துக் குவித்து விரித்துக் காட்டினான். பின்னால் கையை நீட்டினான். ‘இல்லை’ என்று தலையை ஆட்டினான். காற்றில் பாதி வார்த்தைதான் காதில் விழுந்தது.

“பின்னாடி... ஒண்ணுமே இல்ல!”

ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தோம். உண்மைதான். பின்னால் ஒன்றுமே இல்லை. டெயில் லைட் இல்லை. நம்பர் பிளேட் விளக்கு இல்லை. கூரையின் மூலைகளில் இருக்க வேண்டிய சின்ன விளக்குகளும் இல்லை. முன்னால் கல்யாண வீடு மாதிரி வெளிச்சம். பின்னால் ஒரு இருட்டுச் சுவர் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அந்தச் சுவரை ஒட்டித்தான் நாலு குழந்தைகள் படுத்திருந்தார்கள்.

டிரைவர் அண்ணன் அலட்டிக்கொள்ளவில்லை. டேஷ்போர்டுக்குள் கையை விட்டு ஒரு டப்பாவை எடுத்தார். டப்பா நிறைய பல்பு. “இந்த மாசத்துல மூணு தடவை மாத்திட்டேன் சார். மாத்தினா ரெண்டு நாள் எரியும். அப்புறம் ஏதாவது பாலம் ஏறி இறங்கினா போயிடும்” என்றார். கழற்றிய பழைய பல்பை நான் வாங்கி மொபைல் வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளே இழை அறுந்திருக்கவே இல்லை. நல்ல பல்பு!

மச்சானோ, “ஊருக்குப் போனதும் மொத்த வயரையும் பிடுங்கிட்டுப் புதுசா இழுத்துடுவோம்” என்றார். நம்மில் பாதிப் பேர் பல்பை மாற்றுகிறவர்கள், மீதிப் பேர் மொத்தமாகப் பிடுங்கிவிடலாம் என்பவர்கள். நடுவில் நின்று ‘எங்கே கோளாறு?’ என்று தேடுகிறவர்கள்தான் குறைச்சல்.

அப்படி ஒருவர் உளுந்தூர்பேட்டைக்கு முன்னால் கிடைத்தார். டீக்கடையை ஒட்டி, பெட்டிக்கடை அளவில் ஒரு ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடை. பெரியவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பக்கம் கம்பி, இன்னொரு பக்கம் நூல். கூட ஒரு பையன்.

அவசர லைட் ஒன்றை நாலு சக்கரங்களுக்குப் பின்னால் எரியவிட்டுவிட்டுத்தான் மற்ற வேலையையே தொடங்கினார். பிறகு, டிரைவரை உட்காரச் சொல்லிவிட்டு, வண்டியைச் சுற்றி நடந்தார். எதையும் தொடவில்லை.

“எல்லா லைட்டையும் அணைங்க. பிரேக்கை மட்டும் மிதிங்க.”

பின்னால் எதுவும் எரியவில்லை. ஆனால், முன்பக்கம் நின்றிருந்த என் பையன் கத்தினான்: “அப்பா, முன்னாடி சின்ன லைட் எரியுது!” பிரேக்கை மிதித்தால் முன்னால் பார்க்கிங் விளக்கு மங்கலாக முழித்துப் பார்க்கிறது! இடது இண்டிகேட்டரைப் போட்டால் அதே பார்க்கிங் விளக்கு சேர்ந்து கண்ணடிக்கிறது. எனக்கு இது பேய் பிடித்த வண்டியாகத் தெரிந்தது. பெரியவர் சிரித்தார். “பாதி வேலை முடிஞ்சுது” என்றார்.

பையன் மல்டிமீட்டரை எடுத்து, சிவப்பு முனையை டெயில் லைட்டின் பல்பு ஹோல்டரிலும் கறுப்பு முனையைச் சேஸிஸிலும் வைத்துப் பார்த்தான். “12 வோல்ட் வருது தாத்தா. கரெக்ட்டா இருக்கு.”

“வர்றது வருதுடா... திரும்பிப் போகுதா?”

அந்தக் கேள்வியிலேயே விஷயம் முடிந்துவிட்டது. ஒரு நீள வயரை எடுத்தார். ஒரு முனையைச் சேஸிஸ் இரும்பில் சுரண்டிப் பிடித்தார். மறு முனையை டெயில் லைட்டின் எர்த் முனையில் தொட்டார். பளிச்! டெயில், பிரேக், இண்டிகேட்டர், நம்பர் பிளேட்... எல்லாம் தத்தம் வேலையை ஒழுங்காகப் பார்த்தன. முன்னால் முழித்துக்கொண்டிருந்த விளக்கும் தூங்கப் போய்விட்டது.

நான் பி.காம். படித்தவன். கரன்ட் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். ஆனால், பெரியவர் விளக்கியபோது கல்லூரியில் முதல் வருஷம் படித்த கணக்குப்பதிவியல்தான் ஞாபகம் வந்தது. ஒரு பற்று எழுதினால் அதற்கு ஈடாக ஒரு வரவு எழுதியே ஆகவேண்டும். ஒரு பக்கம் மட்டும் எழுதினால் கணக்கு நேராகாது. கரன்ட்டும் அதேதான். பேட்டரியின் ஒரு முனையிலிருந்து கிளம்பி, பல்புக்குப் போய், வெளிச்சம் கொடுத்துவிட்டு, மறு முனைக்குத் திரும்பி வந்தே ஆகவேண்டும். போகிற வழிக்கு வயர் இருக்கிறது. வருகிற வழிக்கு? சாதாரணக் காரில் வண்டியின் இரும்பு உடம்பே வழி. அதைத்தான் மெக்கானிக்குகள் ‘எர்த்’ என்கிறார்கள்.

கேரவனில் சிக்கல் இங்கேதான். விளக்குகள் உட்கார்ந்திருப்பது ஃபைபர் தகட்டில். ஃபைபர் கரன்ட்டைக் கடத்தாது. அதனால் பின்பக்க விளக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கறுப்பு வயரை இறக்கி, கீழே சேஸிஸில் ஒரே ஒரு போல்ட்டில் முறுக்கியிருந்தார்கள். மழைத் தண்ணீர், சேறு, ஈ.சி.ஆரில் மாதக்கணக்கில் ஷூட்டிங் நின்றபோது அடித்த உப்புக் காற்று... பதினெட்டு வருஷத்தில் அந்த போல்ட் துருவால் செய்த லட்டு மாதிரி ஆகிவிட்டது. திரும்பிப் போக வழி இல்லாத கரன்ட் என்ன செய்யும்? கிடைத்த சந்தில் எல்லாம் நுழையும். பிரேக் விளக்கின் கரன்ட், அதே பல்பில் இருக்கும் டெயில் இழை வழியாக நுழைந்து, முன்பக்கப் பார்க்கிங் விளக்கில் போய் இறங்கியிருக்கிறது. பேயும் இல்லை, பிசாசும் இல்லை!

அப்படியானால் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டியதே? அந்த மீட்டர் சேஸிஸை நேராகத் தொட்டுக்கொண்டு அளந்தது. பல்போ துருப்பிடித்த போல்ட்டை நம்பி இருக்கிறது. இன்னொன்றும் சொன்னார். மீட்டருக்குத் துளிக் கரன்ட் போதும். வயரில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தால்கூட 12 என்று காட்டிவிடும். 21 வாட் பிரேக் பல்புக்கு ஒன்றே முக்கால் ஆம்பியர் வேண்டும். அதனால் பெரியவர் முதலில் எடுப்பது மீட்டரை அல்ல, ஹோல்டரில் இரண்டு வயர் வைத்த ஒரு சாதாரண டெஸ்ட் லேம்ப்பை. “சுமையைத் தூக்கிக் காட்டச் சொல்லணும் சார். சும்மா நிக்கும்போது எல்லாரும் பயில்வான்தான்.”

பையன் வண்டிக்கு அடியில் படுத்தான். போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டு இரும்பு வெள்ளையாகும்வரை தேய்த்து, புது வயர் முனை வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் தடவினான். இருபது நிமிஷம். ஒரு பல்பைக்கூட மாற்றவில்லை.

ஆனால், கூரை விளக்குகள் இன்னும் எரியவில்லை. அதற்கு ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த மனிதர் முகம் மாறிவிட்டது. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பாக்கெட்டின் ஜிகினாத் தாள் சுருட்டிச் செருகப்பட்டிருந்தது. பாதி கருகியிருந்தது. எந்தப் புண்ணியவான் எந்த வருஷம் செய்த கைங்கர்யமோ!

“இந்த வண்டிக்குள்ள கேஸ் அடுப்பு இருக்கா?”

“இருக்கு.”

“பிள்ளைங்க எங்க படுக்குது?”

மச்சான் பதில் சொல்லவில்லை.

ஃபியூஸ் என்பது வேண்டுமென்றே வைத்த பலவீனம். அளவுக்கு மேல் கரன்ட் ஓடினால் முதலில் தான் செத்து மற்றதைக் காப்பாற்றும். அந்த இடத்தில் ஜிகினாத் தாளை வைத்தால், அடுத்து சூடாகப் போவது சுவருக்குள் இருக்கும் வயர். கேரவனின் சுவருக்குள் என்ன இருக்கிறது? பிளைவுட், ஸ்பான்ஞ்சு, ரெக்சின். வேறு என்ன வேண்டும்?

சரியான 10 ஆம்பியர் ஃபியூஸைப் போட்டார். போட்ட மறுகணம் ‘டப்’ என்று போய்விட்டது. அடுத்த ஃபியூஸைப் போட்டுப் பார்ப்பார் என்று நினைத்தேன். போடவில்லை. ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு பழைய ஹெட்லைட் பல்பை வயர் வைத்து மாட்டினார். அது முழு வெளிச்சத்தில் எரிந்தது. “இது எரியிறவரைக்கும் எங்கயோ வயர் இரும்பைத் தொட்டுட்டு இருக்குன்னு அர்த்தம். தொடுற கிளையைக் கழட்டினா இது அணைஞ்சுடும்” என்றார். எவ்வளவு எளிமை பாருங்கள்! பல்பு நடுவில் இருப்பதால் கரன்ட் கட்டுக்குள் இருக்கும், வயரும் வேகாது, ஃபியூஸும் வீணாகாது.

கூரைக்கு அடியில் இருந்த கப்ளர்களைப் பையன் ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். வலது முன்பக்கம்... எரிகிறது. வலது பின்பக்கம்... எரிகிறது. இடது முன்பக்கம்... எரிகிறது. இடது பின்பக்கம் பிடுங்கினான். அணைந்தது! எட்டு மீட்டர் வண்டியில் தேட வேண்டிய இடம் ஒரு ஆள் உயரத்துக்குச் சுருங்கிவிட்டது. அந்தச் சுவரில் என்ன இருக்கிறது என்று உள்ளே போய்ப் பார்த்தோம்.

மேக்கப் கண்ணாடி.

கண்ணாடியை மாட்டிய தச்சர் அடித்த நாலு ஸ்க்ரூவில் ஒன்று, சுவருக்குள் ஓடிய வயரின் நடு முதுகில் இறங்கி, பின்னால் இருந்த இரும்புக் குழாயில் போய் நின்றிருந்தது. வண்டி குலுங்கும்போது தொடும், விலகும், தொடும். சுற்றிலும் வயரின் தோல் காப்பி நிறத்துக்கு வெந்திருந்தது. இன்னும் எத்தனை பாலம் ஏறி இறங்கியிருந்தால் அது பற்றியிருக்கும் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. மாமியார் மட்டும் குழந்தைகளை எழுப்பி வெளியே டீக்கடை பெஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே நம் முகத்தை நாம் பார்க்க மாட்டிய கண்ணாடி, வெளியே நம்மை அடுத்தவன் பார்க்க வைத்த விளக்கை அணைத்திருந்தது. இதை நான் கதைக்காகச் சொல்லவில்லை, அந்த ஸ்க்ரூவை என் கையில் வாங்கிப் பார்த்தேன்.

வெந்த வயரை வெட்டி, புது வயர் இணைத்து, ஒரு குழாய்க்குள் விட்டு, ஸ்க்ரூவை நாலு விரல் தள்ளி அடித்து... எல்லாம் முடிய ஒன்றரை மணி நேரம். கூலி, சாமான் சேர்த்து 700 ரூபாய் கேட்டார். மச்சான் ஆயிரம் கொடுத்தார். மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அனுப்புவதற்கு முன் அவர் செய்த சோதனைதான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது. பின்னால் ஒருவரை நிற்கவைத்து டெயில், பிரேக், இடது, வலது, ரிவர்ஸ், நம்பர் பிளேட் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். கடைசியில், “இப்ப எல்லாத்தையும் சேர்த்துப் போடுங்க” என்றார். டெயில் எரியும்போதே பிரேக்கை மிதித்து, இண்டிகேட்டரையும் போடுவது. எர்த் பலவீனமாக இருந்தால் அப்போதுதான் காட்டிக்கொடுக்கும். ஒன்று எரியும்போது இன்னொன்று மங்கும், அல்லது கூடச் சேர்ந்து கண்ணடிக்கும்.

கேரவன் நம்மிடம் இல்லையே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். காரோ, வேனோ, ஸ்கூட்டரோ, எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். 2022-ல் நம் நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 4,61,312. இறந்தவர்கள் 1,68,491 பேர். மத்திய அரசின் கணக்கு இது. அந்த விபத்துகளில் சுமார் ஐந்தில் ஒன்று, பின்னாலிருந்து மோதியது. எல்லாமே விளக்கு எரியாததால் என்று நான் சொல்லவில்லை. வேகம், தூக்கம், குடி, மொபைல் எல்லாம் இருக்கிறது. ஆனால், பின்னால் வருகிறவன் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவன் ஒரு விநாடியில் 22 மீட்டர் தாண்டிவிடுகிறான். முன்னால் ஏதோ இருக்கிறது என்று மூளைக்கு உறைத்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஒரு விநாடியோ ஒன்றரை விநாடியோ போய்விடும். சிவப்பு விளக்கு தூரத்திலேயே தெரிந்தால் அவனுக்கு அந்த விநாடி கிடைக்கிறது. இருட்டுச் சுவராக நாம் போனால், அவன் ஹெட்லைட் நம் மேல் விழும்போதுதான் நாம் இருப்பதே தெரியும்.

அதனால் சில விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இண்டிகேட்டர் திடீரென்று படபடவென்று வேகமாக அடித்தால், பல வண்டிகளில் அந்தப் பக்கம் ஒரு பல்பு போய்விட்டது என்று அர்த்தம். ஒன்றைப் போட்டால் இன்னொன்று எரிகிறது, மங்குகிறது என்றால் பல்பை விட்டுவிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபியூஸ் அடிக்கடி போனால் பெரிய ஃபியூஸ் போடாதீர்கள். ஜிகினாத் தாள் பக்கம் போகவே போகாதீர்கள். அது எதையோ சொல்லத்தான் போகிறது, என்னவென்று தேடச் சொல்லுங்கள். வண்டியின் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் இருக்கட்டும். அதற்கு வயரும் வேண்டாம், எர்த்தும் வேண்டாம். துடைத்து மட்டும் வைத்திருங்கள். உடன் யாருமே இல்லையென்றால், இரவில் ஒரு கடையின் கண்ணாடிக் கதவுக்கோ வெள்ளைச் சுவருக்கோ பின்பக்கம் காட்டி நிறுத்தி, பிரேக்கை மிதித்துவிட்டு ரியர்வியூவில் பாருங்கள். சிவப்பு தெரியும்.

இன்று ராத்திரி வண்டியை வீட்டில் நிறுத்தும்போது, வாசலில் நிற்கிற குழந்தையிடம் கேளுங்கள்: “பின்னாடி எரியுதா, பாரு!” ஆறு வயசுப் பிள்ளைக்குக்கூட இந்த வேலை பிடிக்கும், என் பையன் மாதிரி கத்திச் சொல்லும். நாளைக்கு சிக்னலில் உங்களுக்கு முன்னால் நிற்கிற வண்டியில் பிரேக் விளக்கு எரியவில்லையா? கண்ணாடியை இறக்கி ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவருக்கு அதைப் பார்க்கவே முடியாது. பார்க்க முடிந்தவர் நீங்கள் மட்டும்தான்.